ரார்: ஒரு சொல்லைப் பற்றிய ஆறு குறிப்புகள்

ஏப்ரல் 9, வியாழன்

இங்கே நோர்வேயில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கான கட்டுரை. எடுத்துக்கொண்ட சொல் 'ரார்'. வரிசை இப்படி இருக்கலாம்:

1. பிறப்பு. லத்தீனில் 'ராருஸ்'. என் பள்ளிக்கூட நினைவில் 'அரிதான' என்று பொருள். அகராதி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
2. பிரெஞ்சு, ஜெர்மன் வழியாக அது வடக்கே ஏறிய பாதை.
3. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும்: எளிதில் கிடைக்காத.
4. டச்சிலும் நோர்வே மொழியிலும்: விநோதமான, வழக்கத்துக்கு மாறான. ஏன் இப்படிச் சரிந்தது?
5. டேனிஷ், சுவீடிஷ்: இன்னும் பார்க்கவில்லை. நோர்வே மொழிக்கு அண்டை வீட்டுக்காரர்கள். அதைப் போலத்தான் இருக்கும்.
6. தமிழில் இதற்கு நேர்ச்சொல் 'ஒரு மாதிரி'. இந்த ஆறில் எனக்கு ஐயமே இல்லாதது இது ஒன்றுதான்.

மலரின் ஆசிரியர் தவராசா கேட்டது, "மொழியைப் பற்றி ஏதாவது, நாலு பக்கம், வாசிக்கிற சனத்துக்கு நித்திரை வராத மாதிரி." கொழும்பில் முப்பது வருடம் அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனுக்கு நித்திரை வராத மாதிரி எழுதத் தெரியுமா என்பது வேறு விஷயம். முயன்று பார்க்கலாம்.

இந்தச் சொல்லை ஏன் எடுத்தேன் என்று தவராசா கேட்டால், நூலகத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்வேன். இங்கே அப்படி எழுத வேண்டியதில்லை. நேற்று மாலை தொலைபேசி அடித்தது. மகன் அமலன் குளித்துக்கொண்டிருந்தான். அழைத்தது அவன் வேலை செய்யும் நாற்றுப் பண்ணையின் சொந்தக்காரி, போடில் என்ற பெண். வேகமாகப் பேசினாள். அவள் பேச்சில் மெய்யெழுத்துகள் எல்லாம் வாய்க்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. நோர்வேயின் தெற்குக் கரையார் அப்படித்தான் பேசுவார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்கு இப்போது காதும் மந்தம். ஆனால் ஒரு வாக்கியம் தெளிவாகக் கேட்டது. "அமலன் மிகவும் ரார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வரும் 22ஆம் திகதி அவனை வைத்துக்கொள்வது பற்றிப் பேச வேண்டும் என்றாள். நான் ஆம், ஆம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியோடு அவனுடைய பரிசோதனைக் காலம் முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தரம், அல்லது வீடு.

சமையல்: பருப்பு, கத்தரிக்காய். கத்தரிக்காய் சற்றுக் கரிந்துவிட்டது.

ஏப்ரல் 10, வெள்ளி

அமலனுக்கு முப்பத்து மூன்று வயது. காலையில் தானாக எழும்பி, தானாக உடுத்தி, தானாக பஸ் ஏறுகிறான். சோற்றையும் கறியையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து உண்பான். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். கேட்டால் பதில் சொல்வான், கேட்டதற்கு மட்டும். மீன் தொழிற்சாலையில் இரண்டு வாரம் இருந்தான். பண்டகசாலையில் அதைவிடக் குறைவு. அங்கேயும் இப்படித்தான் முதலில் தொலைபேசி வந்தது.

எங்கே கூட்டிப்போனாலும் நான் முன்னால் உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது வழக்கம். பல் வைத்தியரிடம், பங்குத்தந்தையிடம், தலைமயிர் வெட்டுகிறவரிடம். அவர்கள் அதிர்ச்சியடையக் கூடாது, அவனும் காயப்படக் கூடாது. என் மனைவி திரேசம்மா உயிரோடிருந்தவரை இதற்காகச் சண்டைதான். "அருமந்த பிள்ளையை ஏனப்பா ஊருக்கு விளம்பரம் செய்யிறியள்?" என்பாள். விளம்பரமல்ல, முன்னேற்பாடு என்பேன். பண்ணையிலும் முதல்நாளே போடிலிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. "நல்லது, எனக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும்" என்றாள். பெருந்தன்மையான பெண் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இன்னொரு சங்கடம். யன்னல் விளிம்பு முழுவதும் யோகட் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் நூல் போல ஒரு நாற்று. கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போகின்றன.

"இது எங்கையிருந்து மகன்?"

"அங்கையிருந்து."

"கேட்டு எடுத்தனியோ?"

"பிடுங்கினது."

"பிடுங்கினது எண்டால்?"

"நெருக்கமா முளைச்சால் ஒண்டை விட்டு ஒண்டு பிடுங்கவேணும். பிடுங்கினதை எறியச் சொன்னவ. நான் எறியேல்லை."

எறியச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது களவா? சட்டப்படி என்ன என்று எனக்குத் தெரியாது. போடில் இதைக் கண்டிருப்பாள். அதனால்தான் அந்தச் சொல். அவனிடம் மேலும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூசைக்குப் பிறகு தவராசா பிடித்துக்கொண்டார். "ஐயா, போன முறை நீங்கள் எழுதின வேற்றுமையுருபுக் கட்டுரையை என்ர மனிசி நித்திரைக் குளிசைக்குப் பதிலா வாசிச்சவ. இந்த முறையாவது ஒரு சிரிப்பு வையுங்கோ." வைக்கிறேன் என்றேன்.

மாலையில் மகள் நிரோ துரொண்ட்ஹைம் நகரத்திலிருந்து அழைத்தாள். கட்டுரைக்காக என்று சொல்லி, 'ரார்' என்றால் அவள் என்ன விளங்கிக்கொள்வாள் என்று கேட்டேன்.

"ரார் எண்டால் ஒரு மாதிரி அப்பா. ஏன், ஆர் உங்களைச் சொன்னது?"

"என்னை ஒருத்தரும் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தாலும் பிழையில்லை. உள்ளிப் பக்கற்றிலை கூடத் திகதி எழுதி ஒட்டுற ஆள் நீங்கள்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தம்பியையோ?"

கட்டுரைக்குத்தான் என்று மறுபடி சொன்னேன்.

"அப்பா, அவன்ர வேலையை அவன் பாக்கட்டும். நீங்கள் இடையிலை போகாதேங்கோ."

இடையில் போவதாக யார் சொன்னது?

ஏப்ரல் 14, செவ்வாய்

நூலகம். முதல் குறிப்பை வைத்துத் தொடங்கினேன். சிறுவயதில் பூசை உதவிக்குக் கற்ற லத்தீன் இத்தனை காலம் கழித்து இந்த மழையூரில் உதவுகிறது.

'ராருஸ்' என்பதன் முதற்பொருள் 'அரிதான' அல்ல. அதற்கும் முன்னால் ஒரு பொருள் இருக்கிறது: அடர்த்தியில்லாத, இடைவெளியுள்ள. அகன்ற கண்ணுள்ள வலை, இழை விலகிய துணி, தள்ளித் தள்ளி நிற்கும் மரங்கள். தமிழில் சரியாகச் சொன்னால் 'ஐதான'. ஐதாக இருப்பது எண்ணிக்கையில் குறைவு. குறைவாக இருப்பது அரிது. பொருள் நகர்ந்த வழி தெளிவாக இருக்கிறது.

அமலன் பண்ணையில் நாள் முழுவதும் செய்வது அதுதான்: நெருக்கமாக முளைத்ததை ஐதாக்குவது. இதைக் கட்டுரையில் சேர்க்க முடியாது.

ஜெர்மன் சரி. டச்சு சரி: விநோதமான, கொஞ்சம் கோளாறான. நோர்வே மொழி அகராதியில் அதே பொருளுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள். 'ரார் ஆள்' என்பது ஒன்று. அதை மட்டும் பிரதி எடுக்கவில்லை.

டேனிஷ் அகராதி கீழ்த்தட்டில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு மாணவி பையை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்ப மனமில்லை. ஐந்தாவது குறிப்பு அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

மழை. அமலனின் மழைச்சட்டை தைத்தேன். யோகட் கோப்பைகள் இப்போது சமையலறை மேசைக்கும் வந்துவிட்டன.

22ஆம் திகதி அவனை எதிரில் உட்கார வைத்துச் சொல்லப்போகிறாள். பண்டகசாலையில் அப்படித்தான் செய்தார்கள். திரும்பி வந்தவன் ஒரு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

செய்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

பண்ணை பூட்டிய பிறகு, யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற நேரம் பார்த்து அழைத்தேன். ஒலிப்பதிவுக் கருவி பேசியது. சொல்ல வேண்டியதை முன்பே எழுதி வைத்திருந்தேன், வாசித்தேன். குடும்பக் காரணங்களால் அமலன் திங்கள் முதல் வரமாட்டான், இதுவரை காட்டிய பொறுமைக்கு நன்றி. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் ஏதாவது விளக்கம் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவளாக நிறுத்துவதற்கும் நாமாக நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதில் யாரும் யாரையும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பிறகு கோப்பைகளை ஒரு பையில் போட்டுக் கீழே குப்பைத் தொட்டியில் வைத்தேன். களவு என்று பேச்சு வந்தால் வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது.

அமலன் வந்து யன்னலைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். நான்தான் பேசினேன்.

"பண்ணையிலை வேலை முடிஞ்சுதாம் மகன். திங்கக்கிழமை போகத் தேவையில்லை."

"ஆர் சொன்னது?"

"போடில்."

"அவ சொல்லமாட்டா. தக்காளி இன்னும் பெரிய சாடிக்கு மாத்தேல்லை."

"அதை வேறை ஆக்கள் மாத்துவினம்."

"வேறை ஆக்கள் தண்டிலை பிடிப்பினம். இலையிலைதான் பிடிக்கவேணும்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டது அருமை.

ஏப்ரல் 20, திங்கள்

அமலன் வழக்கமான நேரத்துக்கு எழும்பி உடுத்திச் சப்பாத்துப் போட்டான். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். மத்தியானமும் அங்கேதான். இரவும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

தொலைபேசி பல தடவை அடித்தது. பண்ணை இலக்கம். எடுக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் எழுந்தபோது கதிரை காலியாக இருந்தது. மழைச்சட்டையும் இல்லை. நிரோவை அழைக்கலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? பஸ் தரிப்பிடம் வரை போனேன், திரும்பினேன். கடலோரப் பாதையில் போய்ப் பார்த்தேன். அங்கே ஏன் போனேன் என்று எழுத விரும்பவில்லை.

மாலையில் மணி அடித்தது. அமலன் நின்றான், பின்னால் போடில், கையில் ஒரு மரப்பெட்டியோடு. முழங்காலில் மண். அவளைத் தேத்தண்ணிக்கு உள்ளே அழைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"காலையில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றான்," என்றாள். "உங்கள் செய்தியைக் கேட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்காவது சுகமில்லையா?"

இல்லை என்றேன். அவள் மறுபடி ஏதோ வேகமாகச் சொன்னாள். தலையாட்டினேன். அவள் நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"நான் பேசுவது உங்களுக்கு விளங்குகிறதா? சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். இங்கே கடைக்காரனுக்கே விளங்குவதில்லை. வாய்க்குள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறேனாம். நான் டென்மார்க். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை."

தெற்குக் கரை என்று நினைத்தேன் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் தெற்கு. கடலைத் தாண்டி."

அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ துணிவு வந்தது. என் வாழ்க்கையில் இப்படி நேராக யாரையும் கேட்டதில்லை.

"நீங்கள் என் மகனை 'ரார்' என்றீர்கள்."

"ஆம். மிகவும் ரார்."

"அதனால்தான் நிறுத்தினேன். நீங்கள் அவனிடமே அதைச் சொல்வதற்கு முன்னால்."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு கையால் வாயைப் பொத்தினாள். "இங்கே அதற்கு வேறு பொருள். ஒருமுறை யாரோ சொன்னார்கள், மறந்தே போனேன்." நாற்காலியை என் பக்கம் இழுத்து, குழந்தைக்குச் சொல்வது போல மெல்லச் சொன்னாள். "எங்கள் ஊரில் ரார் என்றால் நல்ல மனம் உள்ளவர். பக்கத்தில் இருந்தால் நமக்கு இதமாக இருப்பவர். என் தாயைச் சாவு வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்."

தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"பிடுங்கின நாற்றை எறியச் சொன்னேன்," என்றாள். "இவன் வந்து, எறியாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். வைத்துக்கொள் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று, ஒன்றும் வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிற கிழவர் கிழவிகளுக்குக் கொடுக்கிறான். ஒரு வார்த்தை பேசாமல். வீட்டில் வளர்த்துத் திரும்பக் கொண்டுவருகிறான்."

குப்பைத் தொட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

"ஆனால் இதை முதலில் சொன்னது நீங்கள்தானே? முதல்நாள் வாசலில். 'என் மகன் ரார், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்' என்றீர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன்: ஒரு தகப்பன் வந்து தன் மகன் நல்லவன் என்று வெட்கப்படாமல் சொல்கிறார், வேறு ஒரு தகுதியும் சொல்லவில்லை, இவனை எடுக்காமல் யாரை எடுப்பது என்று. அண்மையில் தொலைபேசியிலும் அதைத்தானே சொன்னேன், நீங்கள் சொன்னது சரி என்று."

உள்ளதைச் சொன்னேன் என்று பத்தாம் திகதி எழுதியிருக்கிறேன். சொன்ன சொல்லை எழுதவில்லை. இதுதான் அந்தச் சொல்.

அவள் சற்று நேரம் எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்போது நான் அன்றைக்கு எந்தப் பொருளில் சொன்னேன் என்பது அவளுக்கும் பிடிபட்டிருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது.

அமலன் சுவரைப் பார்த்தபடி தமிழில் சொன்னான்: "அப்பா எல்லா இடத்திலையும் சொல்லுறவர். ஒரு மாதிரி எண்டு. முதலிலையே சொல்லிப்போடுவார்."

"உனக்குக் கேக்கிறதோ மகன்?"

"வாசல்லை நிண்டால் கேக்கும்."

என்ன சொல்கிறான் என்று போடில் கேட்டாள். முப்பது வருடம் மொழிபெயர்த்தவன் நான். இதை மொழிபெயர்க்கவில்லை. அமலனே அவளுக்குச் சொன்னான், நோர்வே மொழியில், பிழையில்லாமல். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

எழும்பும்போது அவள் கேட்டது என்னையல்ல. "நாளைக்கு வருவாயா?"

"வருவேன்," என்றான். பிறகு என்னிடம், "நீங்கள் வரவேண்டாம். போனும் எடுக்கவேண்டாம். நான் எடுப்பன்."

சரி என்றேன்.

மரப்பெட்டி மேசையில் இருந்தது. உள்ளே யோகட் கோப்பைகள். சிலது நசுங்கியிருந்தன.

"இது?"

"குப்பையிலை கிடந்தது. எடுத்து அங்கை கொண்டுபோனனான். பாதி தப்பும்."

ஏப்ரல் 22, புதன்

அமலன் வேலைக்குப் போனான். பேச்சு எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. மாலையில் அவனாகவே சொன்னான். "மே மாசத்திலையிருந்து நிரந்தரம்." சப்பாத்தைக் கழற்றி வழக்கமான இடத்தில் வைத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். முன்பு அப்படிச் செய்ததில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

நூலகத்தில் கீழ்த்தட்டிலிருந்து டேனிஷ் அகராதியை எடுத்துத் தரும்படி ஒருவரைக் கேட்டேன். உடனே எடுத்துத் தந்தார். போடில் சொன்னது சரி. சுவீடிஷிலும் அன்பான, இனிய என்றே இருக்கிறது. டச்சு, நோர்வே, டேனிஷ், சுவீடிஷ் என்று நான்கு மொழிக்காரர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரே சொல்லை எடுத்திருக்கிறார்கள். அதிகம் காணக் கிடைக்காத ஒன்றைக் கண்டபோது இரண்டு வீட்டார் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு வீட்டார் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று அகராதியில் இல்லை.

இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசைக்குப் புதிதாக ஒரு குருவானவர். வாசலில் எல்லோரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்து, "இவர் ஆர்?" என்று கேட்டார். வழக்கம் போல அரையடி முன்னால் வந்துவிட்டேன். வாயும் திறந்துவிட்டது.

"இவர் என்ர மகன், அமலன்," என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை. அமலன் என்னை ஒருமுறை பார்த்தான். முகத்தைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

தவராசா கட்டுரை எங்கே என்று கேட்டார். இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்றேன். "சிரிப்பு வச்சிட்டீங்களோ ஐயா?" என்றார். இருக்கிறது என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு குறிப்புகளைச் சரிபார்த்தேன். முதலாவதைத் திருத்தி எழுதினேன். இரண்டு, மூன்று, நான்கு நிற்கும். ஐந்தாவது நான் குனிந்து பார்க்காத குறை, இப்போது நிரப்பிவிட்டேன்.

ஆறாவதில் வெகு நேரம் நின்றேன். தமிழில் 'அரு' என்று ஒரு வேர். அரிது. காணக் கிடைக்காதது. அதிலிருந்துதான் 'அருமை'. 'அவன் இந்தப் பக்கம் வாறது அருமை' என்றால் எப்போதாவது வருகிறான் என்று பொருள். 'அருமந்த பிள்ளை' என்றால் வேறு: பொக்கிஷம் போன்ற பிள்ளை. டென்மார்க்காரர் நடந்த அதே வழியில் நாமும் நடந்திருக்கிறோம். அந்தச் சொல் இந்த வீட்டில் திரேசம்மாவின் வாயில் ஒவ்வொரு நாளும் இருந்தது; பத்தாம் திகதி என் கையாலேயே எழுதியுமிருக்கிறேன். நேர்ச்சொல் தேடியபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆறாவது குறிப்பு பிழை.